மிஞ்சிய மலை

பல்லாவரம் மலை எழுந்த மலை அல்ல, மிஞ்சிய மலை. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம், அடுத்துப் பல்லாவரம், சற்று வடக்கே பரங்கிமலை என்று தலைதூக்கி நிற்கும் குன்றுகளைப் பார்க்கும் எவருக்கும், சமதரையைக் கிழித்துக்கொண்டு ஏதோ கீழிருந்து முளைத்திருக்கிறது என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. இந்தப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துக்குக் கீழே இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் இன்றைய உருவைப் பெற்றது. இன்று அதன்மேல் வெயில் விழுகிறது, ஆடு மேய்கிறது. கோயிலும் தேவாலயமும் தர்காவும் இருக்கின்றன. அப்படியானால் அதற்கு மேலே இருந்த இருபது முப்பது கிலோமீட்டர் கனம் எங்கே போயிற்று? மலையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதன் உயரத்தைப் பற்றியது அல்ல, அதன்மேல் இப்போது இல்லாததைப் பற்றியது.

இந்த ஆழக் கணக்கை யாரும் தோண்டிப் பார்த்துச் சொல்லவில்லை. மனிதர் இட்ட மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியதும் நின்றுவிட்டது. கணக்கைச் சொல்வது பாறைதான். கார்னெட்டும் பைராக்சீனும் ஒன்றையொன்று தொட்டபடி வளரும்போது இரும்பையும் மக்னீசியத்தையும் எந்த விகிதத்தில் பங்கிட்டுக்கொள்ளும் என்பதை அங்கிருக்கும் சூடு தீர்மானிக்கிறது. எந்தெந்தக் கனிமங்கள் சேர்ந்து வளர முடியும் என்பதில் அழுத்தத்துக்குப் பங்கு உண்டு. பாறை ஆறிய பிறகும் அந்தப் பங்கீட்டின் தடம் உறைந்து கிடக்கிறது. அதே விகிதத்தை ஆய்வகத்தில் வரவழைக்க எவ்வளவு சூடும் அழுத்தமும் வேண்டும் என்று பார்த்தால், பிறந்த ஆழம் தெரிந்துவிடும்.

25 கிலோமீட்டரை 250 கோடி ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கலாம். பத்து லட்சம் ஆண்டுக்குப் பத்து மீட்டர் வருகிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. எண்பது வயது வாழ்ந்த ஒருவர் பிறந்த நாளிலிருந்து இறந்த நாள்வரை பாறை ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை என்று பொருள். இது வெறும் சராசரி. மலைத்தொடர்கள் உயர்ந்திருந்த காலங்களில் தேய்மானம் வேகமாக நடந்திருக்கும், நிலம் தணிந்த நெடுங்காலங்களில் ஏறக்குறைய நின்றேபோயிருக்கும். ஆனாலும் அந்தச் சிறிய எண் ஒன்றைத் தெளிவாக்குகிறது. இவ்வளவு பெரிய கனத்தை அகற்ற ஊழிப் பிரளயம் எதுவும் தேவைப்படவில்லை. சாதாரண மழையும் போதிய காலமும் போதும்.

இதில் ஒரு முரண் உண்டு. மேலே தேய்வதால்தான் கீழே இருப்பது மேலே வருகிறது. கண்டத்தின் மேலோடு, தனக்குக் கீழே உள்ள அடர்த்தி மிகுந்த பாறைப் பகுதியின்மேல் மிதந்து கிடக்கிறது. சரக்கை இறக்க இறக்கத் தோணி நீர்மட்டத்துக்கு மேல் எழுவதுபோல், மலையின் உச்சி கரைந்து ஆற்றோடு போகப்போக மலையின் அடி உயர்கிறது. இழந்த உயரத்தில் பெரும்பகுதியைப் பூமி கீழிருந்து ஈடுகட்டுகிறது. அதனால்தான் ஒரு மலைத்தொடரை மட்டமாக்க அதன் உயரத்தைப்போல் பல மடங்கு பாறை தேய்ந்தாக வேண்டியிருக்கிறது. அதனால்தான் இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த ஒன்று ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கும் தூரத்துக்கு வந்து சேர்ந்தது.

பாறைக்குப் பெயர் வந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஜாப் சார்னாக் 1693 ஜனவரியில் கல்கத்தாவில் இறந்தார். அங்குள்ள புனித ஜான் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறையில் பதித்த கரும்பலகைக் கல், கப்பலில் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லும் பல்லாவரத்துப் பாறையும் ஒன்றே என்று கண்டு, அதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். பிற்பாடு அந்தப் பெயர் ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா, ஸ்காண்டிநேவியா என்று உலகெங்கும் உள்ள இதே இனப் பாறைகளுக்குப் பரவியது. நீலகிரியும் சேர்வராயனும் பெரும்பாலும் இந்தப் பாறையால் ஆனவையே.

பெயரைவிட முக்கியமானது அதன் உலர்ந்த குணம். சாதாரணக் கருங்கல்லிலும் நைஸ் பாறையிலும் மைக்கா, ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்கள் இருக்கும். அவற்றின் கட்டமைப்புக்குள்ளேயே கொஞ்சம் நீர் பிணைந்திருக்கும். ஆழத்தின் சூட்டில் அந்த நீர் வெளியேற்றப்பட்டு, அவை இருந்த இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற நீரில்லாக் கனிமம் உருவாகும்போதுதான் சார்னோகைட் பிறக்கிறது. இந்த மாற்றத்தைப் பாதியில் நின்ற நிலையில் பார்க்கக் கர்நாடகத்தின் கப்பாளதுர்கத்துக்குப் போக வேண்டும். சாம்பல் நிற நைஸ் பாறையின் வெடிப்புகளை ஒட்டி, திட்டுத்திட்டாகக் கருமை பரவியிருக்கிறது. கருத்த இடமெல்லாம் சார்னோகைட். நிலவியலாளர் சி. எஸ். பிச்சமுத்து இதை 1960இல் எழுதினார். வெடிப்பு வழியே ஏறிவந்த கரியமில வாயு நீரை விரட்டியிருக்க வேண்டும் என்று பின்வந்தவர்கள் வாதிட்டார்கள். எல்லா இடத்திலும் அப்படித்தானா என்ற சர்ச்சை தீரவில்லை. ஆனால் இந்தப் பாறைகளின் குவார்ட்ஸ் மணிகளை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத குமிழிகளில் அடர்ந்த கரியமில வாயு இன்னும் அடைபட்டிருப்பதைப் பார்க்கலாம். இந்தக் கட்டுரையில் கரி மறுபடி வரும்.

நீரை விட்டொழித்து உருவான பாறை, நீர் ஆளும் இடத்துக்கு வந்து நிற்கிறது. மேற்பரப்பில் அதற்கு நேர்வதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். குவாரியில் அன்றைக்கு உடைத்த முகம் கருமையும் கரும்பச்சையுமாக எண்ணெய் தடவிய மினுக்கத்தோடு இருக்கும். பக்கத்திலேயே பல காலமாக வெயிலில் கிடக்கும் முகம் பழுப்பேறி, சொரசொரப்பாக, மேல்தோல் உரியும் நிலையில் இருக்கும். ஒரே கல்தான். ஒன்று இன்னும் ஆழத்தின் நியதியில் இருக்கிறது, மற்றது இங்குள்ள நியதிக்கு மாறிக்கொண்டிருக்கிறது.

மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு, வலுக்குறைந்த அமிலமாகப் பாறையில் இறங்குகிறது. முதலில் பலியாவது ஹைப்பர்ஸ்தீன். அதிலுள்ள இரும்பு துருவேறிச் சிவக்கிறது. செம்மண்ணின் சிவப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அடுத்தது ஃபெல்ஸ்பார். அதிலிருந்த கால்சியமும் சோடியமும் பொட்டாசியமும் கரைந்து போக, மிச்சம் களியாகிறது. மழையும் வடிகாலும் போதுமான அளவு இருந்தால் சிலிக்காவும் கரைந்துபோய் அலுமினியம் மட்டும் தங்கும். சேர்வராயன் மலையின் பாக்சைட் இப்படி வந்ததே. குவார்ட்ஸ் மட்டும் அசையாது. உழவர்கள் வெங்கச்சங்கல் என்று சொல்லும் அந்த வெள்ளைக் கல், சுற்றியிருந்ததெல்லாம் மண்ணான பிறகும் மண்ணுக்கு நடுவே கல்லாகவே கிடக்கிறது. கொதிக்கும் குழம்பு ஆறும்போது உயர்ந்த சூட்டில் முதலில் படிகமான கனிமங்களே மேற்பரப்பில் முதலில் சிதைகின்றன என்று சாமுவேல் கோல்டிச் 1938இல் ஒரு வரிசையே போட்டுக் காட்டினார். பிறந்த சூழலுக்கும் வந்து நிற்கும் சூழலுக்கும் தூரம் கூடக்கூட, ஒரு கனிமம் இங்கே வாழும் காலம் குறைகிறது.

கிணறு வெட்டுகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். மேலே செம்மண், அதன்கீழ் சரளை, பிறகு கடப்பாறைக்கு விட்டுக்கொடுக்கும் மக்கிய பாறை, கடைசியில் வெடி வைத்தால்தான் அசையும் கெட்டிப் பாறை. ஆழம் போகப்போகக் காலத்தில் பின்னோக்கிப் போகிறோம். பாறை மண்ணாகும் வேலையின் எல்லாக் கட்டங்களும் அந்தக் கிணற்றுச் சுவரில் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. ஊற்று பெரும்பாலும் கிடைப்பது மக்கிய பாறைக்கும் கெட்டிப் பாறைக்கும் இடையிலும், பாறையின் வெடிப்புகளிலும். தேய்மானம் நடந்த இடத்தில்தான் தண்ணீர் தங்கும்.

வெடிப்புகளின் வழியே நீர் இறங்கும்போது பாறை கட்டங்கட்டமாகப் பிரிகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முகத்தில் ஒரு பக்கமிருந்தும், விளிம்பில் இரு பக்கமிருந்தும், மூலையில் மூன்று பக்கமிருந்தும் நீர் வேலை செய்கிறது. மூலை முதலில் போகிறது, பிறகு விளிம்பு. கடைசியில் நடுவில் ஓர் உருண்டை மிஞ்சும். சுற்றியிருந்த மக்கிய மண்ணை மழை அடித்துக்கொண்டு போனால் உருண்டை வெளியே தெரியும். மாமல்லபுரத்தில் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் பாறையும் இப்படி மிஞ்சிய ஒன்று. எங்கிருந்தோ உருண்டு வந்து சரிவில் நின்றதாக எண்ணி வியக்கிறோம். அது வரவே இல்லை. அதைச் சுற்றி இருந்தவைதான் போய்விட்டன.

போனவை எங்கே போகின்றன என்று தொடர்ந்தால், பாறையின் வரலாறு ஆற்றில் நீள்கிறது. கரைந்த கால்சியம் கடலுக்குப் போகிறது. களி வண்டலாக வயலில் படிகிறது, மிஞ்சியது கழிமுகத்துக்குப் போகிறது. குவார்ட்ஸ் மணலாகிறது. மலையடிவாரத்து ஓடையில் அள்ளிய மணலில் ஃபெல்ஸ்பார் துணுக்குகள் நிறையவே இருக்கும். ஆற்றின் போக்கில் அவை உடைந்தும் மக்கியும் குறைய, குவார்ட்ஸின் பங்கு கூடுகிறது. கடற்கரையில் அலை இன்னொரு முறை புடைக்கிறது. கனமான கார்னெட், இல்மனைட், மோனசைட், சிர்கான் மணிகள் தங்க, லேசானவை அகல்கின்றன. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கருமணல் இந்தப் புடைத்தலின் சேமிப்பு. சிர்கானின் உறுதிக்கு இணை அரிது. தாய்ப்பாறை அழிந்த பிறகும் அது அழியாது. அதற்குள் யுரேனியம் காரீயமாக மாறும் கணக்கை வைத்துத்தான் பாறைகளின் வயதைச் சொல்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் மணி ஒன்றுக்கு வயது 440 கோடி ஆண்டுகள். அது பிறந்த பாறை இன்று உலகில் எங்கும் இல்லை.

மணல் மறுபடி பாறையாவதும் உண்டு. படிந்து, புதைந்து, இறுகி மணற்கல்லாகி, அழுத்தத்தில் இன்னும் கெட்டிப்பட்டுக் குவார்ட்சைட் ஆகிறது. நகரி மலைகளில் அது அடுக்கடுக்காக நிற்கிறது. எந்தக் காலத்து மலையோ தேய்ந்து, அதில் தேய முடியாதது மட்டும் திரண்டு உருவான கல் அது. 1863 மே மாதம், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இதே பல்லாவரத்தில் ஒரு சரளைப் பள்ளத்திலிருந்து கற்கருவி ஒன்றை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்கான முதல் சான்று அது. கருவி குவார்ட்சைட்டால் ஆனது. ஊரைச் சுற்றிலும் சார்னோகைட் குன்றுகள் நிற்க, அந்த மனிதர்கள் ஏன் வேறு கல்லைத் தேர்ந்தார்கள்? பலவகைக் கனிமங்கள் பெருமணிகளாகப் பின்னிய கல் சொன்னபடி சில்லு விடாது. ஏறக்குறைய ஒரே கனிமத்தால் ஆன குவார்ட்சைட் தட்டிய திசையில் கூர்மையாகச் சில்லு விடும். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குழுவினரும் அகழ்ந்தெடுத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது சொல்லப்படுகிறது. அவ்வளவு காலத்துக்கு முன்பே இந்த நிலத்தில் ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் வேறுபாடு அறிந்த கைகள் இருந்திருக்கின்றன.

உளியோடு வந்தவர்கள் மிகப் பிந்தியவர்கள். பல்லாவரம் மலையில் மகேந்திரவர்மன் குடைவித்த குகை, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. இன்று அது தர்காவாக இருக்கிறது. மாமல்லபுரத்து ரதங்கள் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை என்பதை முடிவு பெறாத அடிப்பகுதிகளே காட்டிக்கொடுக்கின்றன. வேண்டாததை நீக்கி வேண்டியதை நிறுத்துவது அந்தச் சிற்பிகளின் முறை. மறைவான இடங்களில் அவர்கள் உளித்தடம் 1,300 ஆண்டுகளாகத் தெளிவாகவே நிற்கிறது. கடலைப் பார்த்த கடற்கரைக் கோயிலில் முகங்கள் மழுங்கிவிட்டன. உப்புத் துளி கல்லின் நுண்துளைகளில் புகுந்து, நீர் ஆவியாகி, உப்புப் படிகம் வளர்ந்து மணிகளை ஒவ்வொன்றாக நெம்புகிறது. தொல்லியல் துறையினர் ஈரமான காகிதக்கூழைக் கல்லின்மேல் அப்பி அந்த உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வயதுள்ள வேலைப்பாடு. நிற்கும் இடமே ஆயுளை மாற்றுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் தேய்தல். நம் காலத்தின் வேலை உடைத்தல். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான் நம் கணக்கு பிசகுகிறது.

1934இல் காவிரியில் மேட்டூர் அணை வந்ததிலிருந்து மேலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. கீழே இருந்ததை லாரிகள் அள்ளிவிட்டன. பாலாற்றில் மணல் போன இடத்தில் கருவேலங்காடு. எனவே ஆற்றைக் காப்பாற்ற மலையை உடைப்பது என்று முடிவாயிற்று. கம்ப்ரசர் துளையிட, வெடி பிளக்க, கிரஷர் ஒரே வரிசையில் ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, சிப்ஸ், எம் சாண்ட், டஸ்ட் என்று பிரித்துக் கொட்டுகிறது. ஆறு வற்றிவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் எம் சாண்டை வரவேற்றதில் நியாயம் இருக்கிறது. கான்கிரீட்டுக்கும் அது தாங்குகிறது. ஆனால் அது ஆற்று மணல் அல்ல. கிரஷர் அளவு பார்த்துச் சலிக்கிறது, கனிமம் பார்த்துச் சலிப்பதில்லை. மலையில் இருந்த ஃபெல்ஸ்பாரும் ஹைப்பர்ஸ்தீனும் குவார்ட்ஸும் அதே விகிதத்தில், முனை மழுங்காமல், பொடியாக வந்து விழுகின்றன. ஆறு செய்த வேலையில் பாதியைத்தான் எந்திரம் செய்கிறது. மறுபாதியான மண்ணும் வண்டலும் கடலுக்குப் போகும் கால்சியமும் அதன் உற்பத்திப் பட்டியலில் இல்லை.

அந்தக் கால்சியத்தைப் பின்தொடர்ந்தால் கரியிடம் வருவோம். மழையமிலம் பாறையிலிருந்து கால்சியத்தைப் பிரிக்கும்போது காற்றிலிருந்து வந்த கரியும் கரைசலில் சேர்கிறது. கடலில் சிப்பியும் பவளமும் அந்த இரண்டையும் சேர்த்துத்தான் ஓடு கட்டுகின்றன. ஓடுகள் படிந்து சுண்ணாம்புக்கல் ஆகின்றன. கிரெட்டேசியக் காலத்தில், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், அரியலூர்ப் பக்கம் கடலாக இருந்தபோது இப்படிப் படிந்தவையே கல்லக்குடியிலும் அரியலூரிலும் சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். மழை பாறையைத் தேய்த்துத் தேய்த்துக் காற்றிலிருந்து இறக்கி வைத்த கரி அது. பூமி வெகுகாலமாகச் சூடு மிஞ்சாமல் இருந்ததில் இந்த மெதுவான வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. சிமென்ட் சூளையில் சுண்ணாம்புக்கல் வேகும்போது, தூய கல்லானால் ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் 44 கிலோ கரியமில வாயு மேலே போகிறது. எரிபொருளின் புகை அதற்கு மேல். தேய்மானம் சேர்த்த கணக்கை ஒரு சூளை சில மணி நேரத்தில் பின்னோக்கி ஓட்டிவிடுகிறது.

ஆகவே சென்னைப் புறநகரில் எழும் ஓர் அடுக்குமாடியை நிலவியலாளர் கண்ணால் பார்த்தால் அது புதிய பாறை. ஆழத்தில் பிறந்த சார்னோகைட்டின் உடைசல்களை, ஒரு பழைய கடலின் ஓடுகளை வேகவைத்த பசை கொண்டு ஒட்டிய கூட்டுப்பாறை. அதன் ஆயுள் பத்தாண்டுகளில் எண்ணப்படுகிறது. காற்றின் கரியமில வாயு மெல்லப் புகுந்து கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்க, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, பூச்சைத் தள்ளிவிடுகிறது. தேய்தல் என்ற விதியிலிருந்து நாம் கட்டிய பாறைக்கும் விலக்கு இல்லை, அதற்குக் கெடு மிகக் குறைவு என்பதைத் தவிர.

உடைப்பதெல்லாம் கேடு என்று சொல்ல வரவில்லை. கல்லைப் பொடியாக்கினால் நீர் படும் பரப்பு பெருகும், வேதிமாற்றம் விரைவுபடும். இதை வைத்தே பசால்ட் பொடியை வயலில் தூவிக் காற்றின் கரியை இறக்கப் பல நாடுகளில் சோதித்துப் பார்க்கிறார்கள். உடைத்தவரின் எண்ணம் எட்டாத பயன்களும் வந்து சேர்கின்றன. மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிகளில் தேங்கிய மழைநீரை, 2017 வறட்சியில் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராகக் கொடுத்தார்கள். நீரைத் துறந்து பிறந்த பாறை வெட்டுண்ட இடத்தில் ஒரு நகரத்துக்கு நீர் வைத்திருந்தது. ஆனால் அது தற்செயல். எந்தக் குத்தகையிலும் அந்தக் குளங்கள் திட்டமாக எழுதப்பட்டிருக்கவில்லை.

கல்லையும் மணலையும் சட்டம் சிறு கனிமங்கள் என்கிறது. குவாரிக் கணக்கு யூனிட்டில் ஓடுகிறது. ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. எத்தனை யூனிட் கல் இருக்கிறது, எத்தனை ஆண்டுகளில் எடுக்கலாம், சீனியரேஜ் என்ற அரசுக் கட்டணம் எவ்வளவு என்பவையே கேட்கப்படும் கேள்விகள். குன்றுகளைக் காக்கச் சொல்பவர்களும் பெரும்பாலும் அழகையோ பழமையையோ கோயிலையோ சொல்லித்தான் வாதாடுகிறார்கள். நானும் அவற்றை மறுக்கவில்லை. அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மலை ஒரு கையிருப்பு மட்டும் அல்ல, இடைவிடாது நடக்கும் ஒரு தொழில். ஒவ்வொரு பருவமழைக்கும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில் அது கீழ்நிலத்துக்கு மண் கொடுக்கிறது, ஆற்றுக்கு மணல் கொடுக்கிறது, வெடிப்புகளில் நீரைத் தேக்குகிறது, காற்றிலிருந்து கொஞ்சம் கரியைக் கடலுக்கு அனுப்புகிறது. குத்தகைக்கு விடும்போது விற்கப்படுவது கல், நிறுத்தப்படுவது இந்த வேலை. முதலாவதற்கு விலை எழுத நமக்குப் படிவம் இருக்கிறது. இரண்டாவதற்கும் அதே படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்பது கவிதை அல்ல, கணக்கு.